தாளிக்காத மூன்று நாள்

என்மேல் அம்மன் வருகிறாள் என்று எங்கள் தெரு நம்பிய காலம் ஒன்று உண்டு. ஆடியில் தொடங்கி ஐப்பசியில் முடிந்துவிட்டது. இதுவரை யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் எனக்குப் பக்தி போய்விட்டது என்று நினைப்பார்களோ என்ற பயம்தான். அப்படி இல்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் அடுப்புப் பற்றவைக்கமாட்டேன். நான் சொல்லப்போகும் தப்பு அம்மனுடையது இல்லை, என்னுடையது.

பெருங்களத்தூரில் ஸ்டேஷனைத் தாண்டி, ஏரியைப் பார்த்தாற்போல எங்கள் வீடு. ஜி.எஸ்.டி. ரோட்டை அகலமாக்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தெருவுக்கு இரண்டு என்று அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கலாசி. முன்பக்கம் நாங்கள் இருந்தோம். பின் போர்ஷனில் ஒரு புருஷன் பெண்டாட்டியும் அவர்களுடைய ஒரே பெண்ணும் குடியிருந்தார்கள். அவர் கிண்டியில் லேத் பட்டறை ஒன்றில் வேலை. பெண் இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போகும்.

அந்த வருடம் ஆடி மூன்றாம் ஞாயிறு, தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நான் காப்புக் கட்டி விரதம். முதல் நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் படவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பம்பைக்காரர்கள் காதுக்குப் பக்கத்தில் நின்று அடித்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழாமலிருக்கப் பந்தல் காலைப் பிடித்தேன். உடம்பெல்லாம் நடுங்கியது. யாரோ "அம்மா வந்துட்டா!" என்று கத்தினார்கள். உடனே ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

பின் போர்ஷன்காரி என் காலில் விழுந்தாள். "தாயே, ரேஷன் கார்டைக் காணோம் தாயே. பத்து நாளா தேடுறேன். எங்கிருக்குன்னு சொல்லு!"

பக்கத்தில் பொங்கல் வைக்க அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். அந்த வாசனைதான் மூக்கில் ஏறியது. "அரிசி" என்றேன். பசியில் வந்த வார்த்தை அது. அதற்குமேல் பேச நாக்கு எழவில்லை.

அவள் வீட்டுக்கு ஓடினாள். அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி அவளே எப்போதோ பத்திரப்படுத்திய கார்டு அடியில் கிடந்தது. அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் அவள் ஓடி வந்த காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை என் வாசலில் ஆறு பேர். அதற்கடுத்த வெள்ளி இருபது பேர்.

"கல்யாணமான நாள்லேருந்து இவ மேல கோவம் மட்டும்தான் வரும். இப்ப அம்மனும் வருதாம்" என்றார் என் வீட்டுக்காரர். ஷெட்டுக்குக் கிளம்பும்போது, "எங்க வூட்டு சூனியக்காரி கையால ஒரு டீ கிடைக்குமா?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் வாசலில் கூட்டத்தைப் பார்த்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாகப் போவார். அதையும் கவனித்தேன்.

பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கும் அக்கா இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய் வீட்டம்மா. எனக்கு அக்கா. மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா தாயே! நேத்து வரைக்கும் கொக்கி தெச்சுக் குடுக்கான்னு என்னாண்ட நின்னுகினு இருந்தே. இன்னிக்கு ஊருக்கே அருள்வாக்கா? என் தையல் மிஷினு நூலைக் கடிக்குது, அதுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் மந்திரிச்சுக் குடேன்" என்பார். நானும் சிரித்துவிடுவேன்.

மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. வந்தவர்கள் என் உதடு அசைவதைப் பார்த்தால்தான் திருப்தியாகப் போனார்கள். அம்மன் பெயரை முணுமுணுக்கலாம் என்றால், நிச்சயமில்லாத காரியத்துக்கு அவள் பெயரை இழுக்கப் பயம். வீட்டுக்காரர் புண்ணியத்தில் ரயில் நிலையங்கள் வரிசையாகத் தெரியும். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வேப்பிலையால் தடவுவேன். அழுகிற குழந்தை பெரும்பாலும் மீனம்பாக்கத்துக்குள் அடங்கிவிடும். அடங்காததற்குக் கடற்கரை வரைக்கும் போவேன்.

பின் போர்ஷன் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். என்னைச் சாமி ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் காதோடு கேட்டாள்.

"ஆன்ட்டி, இப்ப கிண்டின்னு சொன்னீங்க. எங்கப்பா கம்பெனிக்குப் போறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார்கிட்டயும் சொல்லாதடி செல்லம்."

"பிராமிஸ். ஆனா சைதாப்பேட்டைய வுட்டுட்டீங்க."

வண்டலூர் மிருகக்காட்சிப் பூங்காவில் வேலை செய்பவர் ஒருவர் வந்தார். கரடி ஒன்று மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். மருந்து கொடுத்திருக்கிறார்களாம், இருந்தாலும் மனசு கேட்கவில்லையாம். "கரடிக்குத் திருநீறு பூசலாமாம்மா?" என்று கேட்டார். பூசப் போய்க் கையைக் கடித்துவைத்தால் என்ன செய்வது என்று, "வெளிய நின்னு ஊதி வுடுங்க, போதும்" என்றேன். நாலாம் நாள் வாழைத்தாருடன் வந்தார். கரடி நன்றாகச் சாப்பிடுகிறதாம். மருந்து வேலை செய்திருக்கும். ஆனால் தெருவில் யாரும் மருந்தைப் பற்றிப் பேசவில்லை.

அப்போதே ஏன் உண்மையைச் சொல்லவில்லை? பல தடவை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரவில்லை என்று சொன்னால் அம்மனை அவமதித்த பாவம் வருமோ என்று பயந்தது ஒன்று. ஒருவேளை வந்தேதான் இருப்பாளோ என்ற நினைப்பும் இருந்தது. இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அதுவரை குழாயடியில் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தங்கள் குடத்தை வைத்தவர்கள், நான் வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அடுக்குமாடிக்குத் தோண்டிய பள்ளங்களெல்லாம் குளமாகிவிட்டன. பகலிலேயே கொசு கடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. தெருமுனை டாக்டர் மருந்து கொடுத்து, ரெண்டு நாளில் விடாவிட்டால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமையும் விடவில்லை. புதன்கிழமை காலை ரத்தம் எடுக்கக் கிளம்பியவர்கள், பெண்ணின் கையில் சிவப்புச் சிவப்பாகப் பொடிப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்கள்.

"அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க. அம்மாவா?"

பார்த்தேன். சின்ன வயதில் என் தம்பிக்கு அம்மை போட்டபோது பார்த்ததைத் தவிர எனக்கு என்ன தெரியும்? தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"அம்மாதான். மணல்வாரி" என்றேன்.

அம்மை என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். அம்மன் குடியிருக்கிற உடம்பில் ஊசி குத்தக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதனால் ரத்தப் பரிசோதனை நின்றது. மாத்திரை நின்றது. நிலைப்படியில் வேப்பிலை செருகினோம். வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கக் கூடாது. அந்த வாசனையும் சத்தமும் அம்மாவுக்குக் கோபம் வரவழைக்கும். வெறும் கஞ்சி, இளநீர். பெண்ணை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தினோம். நான்தான் முன்னால் நின்று எல்லாம் சொன்னேன்.

வியாழக்கிழமை அக்கா மதில் பக்கம் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"ஏம்மா, மழைக் காலத்துல எங்கியாவது மணல்வாரி போடுமா? அதுக்கு சளி கட்டும், கண்ணு செவக்கும். இந்தப் புள்ளைக்கு ரெண்டும் இல்ல. என் நாத்தனார் பொண்ணுக்கு இதே மாரி வந்துச்சு. கொசு காய்ச்சல். ரத்தம் ஏத்துனாங்க."

"அம்மா வந்த வீட்டைப் பத்தி அப்படிப் பேசாதீங்கக்கா."

"நான் இன்னா பேசிட்டேன்? எங்க பள்ளிவாசல் வாசல்ல சாயந்திரம் உங்க ஆளுங்களும்தான் புள்ளைய தூக்கினு வந்து நிக்கிறாங்கோ. ஹஜ்ரத்து ஓதி ஊதுறாரு. ஊதிட்டு, போய் டாக்டராண்ட காட்டுன்னு சொல்லித்தான் அனுப்புறாரு. நீ அந்த ஒரு வார்த்தைய சொல்லவே மாட்டேங்கிறியேம்மா."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்று உள்ளுக்குள் பட்டதால் வந்த கோபம். உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பெண்ணின் நெற்றியைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. ஐந்து நாள் கொதித்த உடம்பு. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இறங்கிட்டாக்கா, அம்மா இறங்கிட்டா!" எனக்கும் கண்ணில் நீர். நான் சொன்னது பலித்துவிட்டதே என்று. வெள்ளிக்கிழமையாகவும் இருக்கிறது, இன்றைக்கே தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்றேன். அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெளியில் வைத்தோம். மழை மூட்டத்தில் வெயில் சரியாக ஏறவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. ஊற்றினோம்.

"குளுருது ஆன்ட்டி" என்றாள். அவள் கை கால் ஐஸாக இருந்தது. "வயிறு வலிக்குது ஆன்ட்டி."

"அம்மா கிளம்பறா இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான்.

அந்த மாதிரிக் காய்ச்சலில், சூடு விடுகிற நாள்தான் ஆபத்தான நாள் என்பது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு அவள் அம்மா அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் பெண்ணின் மூக்கிலிருந்து ரத்தம். கூப்பிட்டால் கண்ணை மட்டும் பாதி திறக்கிறாள். சத்தம் கேட்டு அக்கா வந்தார். பார்த்த உடனே தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்திவிட்டார். "தூக்குடி! இன்னும் இன்னா பாத்துகினு இருக்கே, தூக்கு!"

அவள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வேப்பிலை செருகிய நிலைப்படி வரைக்கும் வந்தாள். வந்து நின்றுவிட்டாள். மூன்று தண்ணீரில் கடைசித் தண்ணீரும் ஊற்றி முடியும் முன் அம்மை கண்ட பிள்ளை நிலைப்படி தாண்டக் கூடாது. நான் சொன்னதுதான். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க. தூக்கினு போட்டுமா?"

கண்ணை மூடினேன். உள்ளே எதுவும் இல்லை. வழக்கமான இருட்டுதான். அப்போதாவது, "அம்மா எங்கிட்ட வரலடி, நீ ஓடு" என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. வெளியே விட முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா. போ" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அக்காவும் கூடவே இருந்தார். நான் கோயிலில் இருந்தேன். வாக்கு எதுவும் சொல்லவில்லை, ரயில் நிலையமும் சொல்லவில்லை. அம்மன் பெயரை மட்டும் சொல்லி அழுதேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண் போய்விட்டாள். சீட்டில் டெங்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சல் கண்டு நாலாம் நாளாவது ஏன் கொண்டுவரவில்லை என்று டாக்டர் கேட்டாராம். அவள் அப்பா, "சாமி குத்தம் ஆயிடும்னு..." என்று சொல்லி முடிக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அக்காதான் வந்து சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதன்பிறகு மதில் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

காரியம் முடிந்த மறு வெள்ளிக்கிழமை, நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். யாரோ தட்டினார்கள். திறந்தால் பின் போர்ஷன்காரி. கையில் தட்டு, தட்டில் எலுமிச்சம்பழம், பூ, கற்பூரம். தட்டைப் பார்க்கும்வரை, அடிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மாவைக் கூப்பிடுங்கக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"என்னடி கேக்கணும்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வியாழக்கிழமை ராவு அவரு வேலைலேர்ந்து வந்தாரு. ரெண்டு நாளா கஞ்சியே குடிக்கிறாரேன்னு ரசத்துக்கு ஒரே ஒரு கரண்டி எண்ணெயில கடுகு போட்டுட்டேங்க்கா. கதவைச் சாத்திகினுதான் தாளிச்சேன். அதுக்குத்தான் கோவிச்சுகினு அம்மா என் பொண்ணை எடுத்துகினு போய்ட்டாளா? அவரு அப்படித்தான் சொல்றாரு. நீ தாளிச்சுக் கொன்னுட்டேன்றாரு. பதிமூணு நாளா எங்கிட்ட பேசறதில்லைக்கா. தட்டுல சோறு வெச்சா எட்டித் தள்றாரு."

நான் அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். அவளை உட்கார வைத்தேன்.

"அது அம்மையே இல்லடி. கொசுக் காய்ச்சல். நான் தெரியாம சொன்னேன். நீ கடுகு தாளிச்சதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்லடி. சத்தியமா. என்மேல அம்மா வந்ததே இல்ல."

"ரேஷன் கார்டு?"

"பசிடி. அரிசி வாசனை வந்தது, அரிசின்னேன். நீதான் தேடி எடுத்தே."

அவள் என்னையே பார்த்தாள். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "அப்போ அன்னிக்கு நிலைப்படியாண்ட கண்ணை மூடிகினு நின்னீங்களே, யாரைக் கேட்டீங்க?"

யாரையும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் பின்பக்கம் போனேன். "நானும் வரட்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த மனிதர் வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். வெளியில் குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். அம்மை இல்லை என்று. ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று. தண்ணீர் ஊற்றச் சொன்னதும் நான் என்று. என்மேல் யாரும் வரவில்லை என்று. "உங்க சம்சாரம் மேல ஒரு தப்பும் இல்லைங்க. இருக்கிற தப்பெல்லாம் என் மேல."

அவர் பீடியைத் தரையில் அழுத்தி அணைத்தார்.

"மூணு நாள் உங்க பேச்சைக் கேட்டுகினு ஒக்காந்திருந்தோம்" என்றார். "நானும்தான் ஒக்காந்திருந்தேன். எனக்கு எங்க போச்சு புத்தி?"

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயடியில் ஒருத்தி தன் குடத்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் போனாள். இன்னொருத்தி, "என்ன அடக்கம் பாரு. அம்மா வந்தவங்க இப்படித்தான் மறைப்பாங்க" என்றாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்தார்கள். படப்பை பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்கருகே பார்த்திருப்பதாகச் சொன்னாள். குட்டி யானை வண்டியில் சாமான் ஏற்றினார்கள். பெண்ணின் பள்ளிக்கூடப் பையை அவள் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள், வண்டியில் போட விடவில்லை. கிளம்பும்போது என்னிடம் வந்து காலைத் தொடக் குனிந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்டி. உனக்கு அத்தனை சொல்லியும்..."

"நீங்க சொன்னதை அவரு நம்பிட்டாருக்கா" என்றாள். "எனக்குத்தான் முடியல. அம்மா எடுத்துகினான்னு நெனச்சா அவ எங்கியோ ஒரு இடத்துல இருக்கா. கொசு கடிச்சுதுன்னா, அப்புறம் அவ எங்கக்கா இருப்பா?"

எனக்குத் தெரிந்த அம்மனிடம்தான் இருப்பாள் என்று சொல்ல வாய் வந்தது. அதையும் நான் சொன்னால் வாக்காக எடுத்துக்கொள்வாளே என்று பயந்து சும்மா நின்றேன்.

அவள் வண்டியின் பின்பக்கம் சாமானோடு ஏறப் போனாள். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் இறங்கி வந்தார். அவள் கையிலிருந்த பையை வாங்கவில்லை. பையோடு சேர்த்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"பின்னால தூக்கித் தூக்கிப் போடும்" என்றார் அவளிடம். "வா, முன்னாடி வந்து ஒக்காரு."